புற்றுநோயை "விரட்டிய" மூலிகை மாத்திரை: உள்ளே இருந்தது என்ன?

"ஆபரேஷன் வேணாம், ஊசி வேணாம். பக்கவிளைவே இல்லாத மூலிகை இருக்கு..."

புராஸ்டேட் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதுமே இப்படி யோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். அதை நம்பி பணத்தை நீட்டும் முன், அமெரிக்காவில் நடந்த இந்த சம்பவத்தை தெரிந்து கொள்ளுங்கள்.

8 மூலிகை கேப்சூல்

கலிபோர்னியாவை சேர்ந்த ஒரு நிறுவனம் 1996-ம் ஆண்டு 'பி.சி.ஸ்பெஸ்' என்ற கேப்சூலை விற்பனைக்கு கொண்டு வந்தது. அதிமதுரம் உள்பட 8 மூலிகைகள்தான் இதில் இருக்கு என்றார்கள். சத்துப்பொருள் என்ற பெயரில் விற்றதால், முன்கூட்டியே அரசு அனுமதி வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

சாப்பிட்டவர்களுக்கு, நோயின் போக்கை காட்டும் பி.எஸ்.ஏ. அளவு ரத்தத்தில் மளமளவென குறைந்தது. ஆனால் 1998-ல் வெளியான ஆய்வு சந்தேகத்தை கிளப்பியது. சோதிக்கப்பட்ட 8 பேருக்கும் மார்பில் வலி. ஒருவருக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து விட்டது. பெண் ஹார்மோன் சாப்பிட்டால் வரும் கோளாறுகள் இவை.

குட்டு உடைந்தது

2002-ல் பரிசோதனை கூடத்தில் உண்மை வெளிவந்தது. ரத்தத்தை உறைய விடாத வார்பரின், வலி மருந்தான இண்டோமெதசின், டி.இ.எஸ். என்ற செயற்கை பெண் ஹார்மோன் ஆகியவை கேப்சூலில் கலந்திருந்தன. அதே ஆண்டு கேப்சூல்கள் திரும்ப பெறப்பட்டன. நிறுவனமும் மூடப்பட்டது.

டி.இ.எஸ். புது மருந்து அல்ல. இதே புற்றுநோய்க்கு டாக்டர்கள் பல ஆண்டுகள் கொடுத்ததுதான். ரத்தம் உறையும், இதயம் பாதிக்கும் என்பதால் குறைத்துக் கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் என்றால் அளவு பார்த்து கொடுப்பார்கள், கண்காணிப்பார்கள். இங்கே எவ்வளவு உள்ளே போகுது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

உஷார்!

செடியில் மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு தரும் டோசிடாக்சல் ஊசி மருந்தே 'யூ' மரத்தின் இலையில் இருந்து தயாராவதுதான். ஆனால் அது ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்து, அளவு நிர்ணயித்த மருந்து.

புற்றுநோயை குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது இந்தியாவில் 1954-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். ஆகவே அப்படி விளம்பரம் செய்தாலே சந்தேகப்படுங்கள். ஏற்கனவே ஏதாவது லேகியம், பொடி சாப்பிடுகிறீர்களா? மறைக்காதீர்கள். டப்பாவோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். நடக்கிற சிகிச்சையை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.