கடலுக்கும் ஒரு முறை உண்டு

ஈழத்தின் கரையோர ஊர்களில் "பாடு" என்றொரு சொல் வழங்கி வருகிறது. கரைவலை வளைப்பதற்கென உரித்தான கடற்கரைத் துண்டையும் அதற்கு நேரேயுள்ள கடலையும் அது குறிக்கும். ஒருவர் தம் பாட்டில் வலை வளைத்திருக்கையில் மற்றவர் குறுக்கே இறங்குவதில்லை. உரித்தாளர் பலராயின் முறை வைத்தே வளைப்பர். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியிலும் இதே சொல் உண்டு. எந்த வலை, எவ்விடத்தில், எவருடைய முறை என்பனவற்றை அங்கும் ஊர்களே கூடித் தீர்மானித்து வந்தன. சமூகமே முன்னின்று கடல்வளத்தைக் காத்தல் என்று இன்று அனைத்துலக நிறுவனங்கள் எடுத்துரைக்கும் வழிமுறை தமிழ்க் கரைகளுக்குப் புதியதன்று. அந்த முறைக்கு அடங்காத ஒரு தொழில் பாக்கு நீரிணைக்குள் நுழைந்ததே இன்றைய துயரின் தொடக்கம்.

இழுவைமடி கடலின் அடித்தளத்தை வழித்துச் செல்வது. இறாலுக்காக இழுக்கப்படும் அம்மடியில் குஞ்சும் முட்டையும் கடற்புல்லும் சேர்ந்தே அள்ளப்படுகின்றன. பாக்கு விரிகுடா ஆழமற்ற கடல். அதன் கடற்புற்படுகைகளே இறாலுக்கும் நண்டுக்கும் ஓராவுக்கும் நாற்றங்கால். அருகிவரும் ஆவுளியாவுக்கு அப்புல்லே உணவு. 2022 செப்ரெம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீற்றர் கடலை ஆவுளியாவுக்கான காப்பகமாக அறிவித்தது. பாராட்டத்தக்க செயல். எனினும் 1974இல் இரு அரசுகள் வரைந்த எல்லைக்கோட்டை ஆவுளியா அறியாது. அக்கோட்டுக்கு இப்பால் அதே கடற்புல் இரவோடிரவாக வழிக்கப்படுகிறது.

போர்க்காலத்தில் வடபுல மீனவருக்குக் கடல் மறுக்கப்பட்டிருந்தது. தடை, இடப்பெயர்வு, உயர் பாதுகாப்பு வலயம் என நீண்ட அக்காலத்தில் படகுகளும் வலைகளும் அழிந்தன. 2009இன் பின்னர் கடனை உடனை வாங்கிக் கடலுக்குத் திரும்பியோர் அங்கு கண்டது தமிழகத்தின் இழுவைப் படகுகளையே. இரவில் விரித்த செவுள்வலைகள் காலையில் அறுந்து கிடந்தன. பல அடையாளமின்றிப் போயின. ஒரு வலைத்தொகுதியை இழந்த குடும்பம் மீண்டெழப் பல மாதங்கள் ஆகும்.

இங்கே வேதனையான முரண் ஒன்றுண்டு. தமிழகக் கரையில் இழுவைப் படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இடையே மூண்ட மோதலைத் தணிக்க, வாரத்தில் 3 நாட்கள் இழுவைப் படகுகளுக்கும் 4 நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் எனக் கடல் பகிரப்பட்டது. அங்குள்ள சிறுதொழிலாளருக்கு அது காப்பாயிற்று. அதே 3 நாட்களின் இரவுகளிலேயே வடபுல மீனவர் வலையைப் படகில் ஏற்றாது வீட்டில் இருக்க நேர்ந்தது. முறை வகுத்தபோது மறுகரையார் அவையில் இருக்கவில்லை என்பதே அதன் குறை.

அக்குறையைத் தீர்க்கும் முயற்சி நடவாமலும் இல்லை. 2010 ஓகஸ்ட்டில் இருகரை மீனவப் பிரதிநிதிகளும் நேரில் அமர்ந்து பேசினர். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவதென இணக்கம் காணப்பட்டது. மீனவர் தாமே எட்டிய அந்த இணக்கத்தை இரு அரசுகளும் ஏற்று நடைமுறைப்படுத்தவில்லை. 2017இல் இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தை இந்திய அரசும் தமிழக அரசும் தொடங்கின. 2000 படகுகள் இலக்கு; நிறைவேறியது மிகச் சிறு பகுதியே.

அதே ஆண்டு யூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. யாழ். மாவட்ட உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாகக் கொணர்ந்த அதன் பின்னணியில் வடபுல மீனவர் சங்கங்களின் நெடுநாட் கோரிக்கை இருந்தது. நான்கு ஆண்டுகளின் பின், 2021 ஒக்ரோபரில், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் பேரணி செல்ல வேண்டியிருந்தது. தம் சட்டத்தைத் தாமே நினைவூட்டும் நிலை!

அத்துடன் அக்கரையை மட்டும் குறைகூறுவதும் நேர்மையாகாது. யாழ்ப்பாணத்திலும் இழுவைமடி செய்வோர் இருந்து வந்துள்ளனர். டைனமைற்றும் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையும் உள்ளூர்க் கைகளிலேயே உள்ளன. களக்கடலில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியபோது, நண்டும் இறாலும் பிடித்துப் பிழைத்தோரின் கடல் வேலியடைக்கப்படுவதாகப் பூநகரிப் பக்கத்து மீனவர் முறையிட்டனர். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களையும் அவற்றின் சமாசங்களையும் கேட்டே இத்தகைய அனுமதிகள் வழங்கப்படல் வேண்டும்.

புலம்பெயர் தமிழரிடையே இவ்விடயம் தயக்கத்துடனேயே பேசப்படுகிறது. தமிழக மீனவர் கடற்படையினரால் சுடப்பட்டபோதும் சிறைப்பட்டபோதும் கண்டனக் குரல் எழுந்தது, எழவேண்டியதே. மன்னார், வடமராட்சி மீனவரின் அறுந்த வலைகளுக்கு அத்தகைய குரல் எழவில்லை. தொப்புள்கொடி உறவு புண்படும் என்ற அச்சமே காரணம். ஆயினும் இழுவைப் படகில் வருவோர் பெரும்பாலும் கூலித் தொழிலாளர். படகின் உரிமையாளர் கரையில் இருக்கிறார். கூலிக்கு வருபவர்மீது துப்பாக்கி நீளக்கூடாது என்பதையும், அவரை அனுப்பும் தொழில் நிறுத்தப்பட வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லலாம். வடபுலச் சங்கங்கள் சொல்லி வருவதும் அதுவே.

கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் வாரி வழங்குகின்றன. வலை இழந்த குடும்பங்களுக்கென மீனவர் சங்கங்களின் வழியே ஒரு சுழல்நிதி அமைப்பது அவற்றுக்குப் பெருஞ்சுமையன்று. உறவினருக்குப் படகும் வலையும் வாங்கப் பணம் அனுப்பும் பெற்றோர், அது எந்த வலைக்குச் செல்கிறது என்று கேட்டறியலாம். சட்டமும் கடலியலும் பயிலும் இளையோருக்கு வேறொரு பணி காத்திருக்கிறது. அறுந்த வலைகளின் கணக்கு சங்கங்களின் கொப்பிகளிலும் முறைப்பாட்டுப் பிரதிகளிலும் சிதறிக் கிடக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊர் சென்று ஒடியற்கூழ் குடிக்கும் பிள்ளைகள், அக்கூழில் மிதக்கும் நண்டு பிடிபட்ட கரைக்கும் ஒருநாள் சென்று, சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, அக்கணக்கைத் திகதிவாரியாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பதிந்து கொடுக்கலாம். அடுத்த பேச்சுவார்த்தைக்குச் செல்லும் மீனவப் பிரதிநிதிகளின் கையில் இருக்க வேண்டியது அந்த ஏடுதான்.