சுவரில் வரைந்த ஜன்னல்

இத்தாலி தேசத்துத் துறைமுகப் பட்டினமாகிய ஜெனோவாவில் ஒரு வீட்டை அண்ணாந்து பார்க்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்றாவது மாடியில் வரிசையாக ஐந்து ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் தலைக்கு மேல் ஒரு கல் விதானம், பக்கத்துக்கு ஒரு தூண், அடியில் பூவேலை. காலை வெயிலில் எல்லாவற்றின் நிழலும் சுவரில் அழகாக விழுந்திருக்கிறது. மத்தியானம் அதே வழியாகத் திரும்பி வருகிறீர்கள். வெயில் இடம் மாறிவிட்டது. நிழல்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன! விதானம், தூண், பூவேலை எல்லாம் வெறும் சாயம். கடைசி ஜன்னல் ஜன்னலே அல்ல, அதுவும் சித்திரந்தான். பாதி திறந்த பச்சைக் கதவு வரையில் தத்ரூபமாக எழுதி வைத்திருக்கிறான், புண்ணியவான்.

ஜெனோவாக்காரர்கள் கையிறுக்கமானவர்கள் என்று இத்தாலியின் மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. கல்லில் செதுக்கினால் ஆகிற செலவில் ஒரு பங்கு கூட சாயத்துக்கு ஆகாது என்பது உண்மையே. ஆனால் விஷயம் சிக்கனம் மட்டும் அல்ல. கல்லை முன்னால் நீட்டிச் செதுக்கினால் அது தெருவுக்கு வந்துவிடும். அந்தத் தெருவிலோ அதற்கு இடம் கிடையாது.

இடம் இல்லை என்பதுதான் இந்த ஊரின் முழுச் சரித்திரமும். முன்னால் கடல், முதுகில் மலை. நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் ஒரு பட்டினம் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட நெருக்கியடித்துக் கொண்டு நிற்கிறது என்பதே பொருந்தும். இன்று ஐந்தரை லட்சம் ஜனங்களுக்கு மேல் வசிக்கும் நகரம், கரையோரமாகவே 30 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அகலத்துக்குப் போக வழியில்லாததால் உயரத்துக்குப் போனார்கள். பழைய ஊரில் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய வீடுகளே ஆறு மாடி, ஏழு மாடி. அவற்றின் நடுவே ஓடும் சந்துகளுக்கு ஊர்ப் பேச்சில் ‘கரூஜி’ என்று பெயர். சிலவற்றில் நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினால் இரு பக்கத்துச் சுவரையும் தொட்டு விடலாம். எதிரெதிர் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விடாமலிருக்க, தலைக்கு மேலே குறுக்காகச் சிறு வளைவுகள் கட்டி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சூரியன் உச்சிக்கு வரும்போது வந்த மாதிரி தலை காட்டிவிட்டுப் போய்விடுவான்.

சந்து மூலைகளில் மாதா மாடங்கள் இருக்கின்றன. தையற்காரர், கொல்லர் என்று தொழில் தொழிலாகக் கூடி வாழ்ந்த காலத்தில் வைத்தவை அவற்றில் பல. தெருவிளக்கு இல்லாத நாளில், மாதாவின் முன் எரிந்த அகல்தான் இரவில் வழிப்போக்கனுக்கும் வெளிச்சம். பக்திக்குப் பக்தி, விளக்குக்கு விளக்கு! ஜெனோவாக்காரர்கள் ஒன்றை வைத்தால் அது இரண்டு வேலை செய்யவேண்டும் போலிருக்கிறது.

அந்த ஊர்ப் பச்சை ஜன்னல் கதவு நம் வாசகிகளுக்கு நிச்சயம் பிடிக்கும். மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கிய கதவு அது. கதவைத் திறக்காமலே அதன் கீழ்ப் பாதியை மட்டும் வெளிப்பக்கமாகத் தூக்கி முட்டுக் கொடுக்கலாம். காற்று உள்ளே வரும். வீட்டுக்காரி நேர் கீழே தெருவைப் பார்க்கலாம். தெருவிலிருப்பவன் வீட்டுக்காரியைப் பார்க்க முடியாது. மீன்காரன் வந்திருக்கிறானா, எதிர்வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதெல்லாம் இருந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இதை யோசித்தவன் தச்சனாக இருந்தாலும், யோசனை சொன்னவள் அவன் மனைவியாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் துணிபு.

துணி உலர்த்துவதும் இந்த வானத்தில்தான். ஜன்னலுக்கு ஜன்னல் சந்தின் குறுக்கே கயிறு கட்டி, கப்பி வைத்து இழுக்கிறார்கள். துப்பட்டி, சட்டை, குழந்தையின் காலுறை எல்லாம் ஒவ்வொன்றாக நடுத்தெருவுக்கு மேலே பயணம் புறப்படுகின்றன. கயிற்றின் மறுமுனை எதிர்வீட்டுச் சுவரில். அண்டை வீட்டோடு சண்டை போட்டுக் கொள்ளுமுன் இரண்டு தரம் யோசிக்க வேண்டிய ஊர்!

மேலே வீடு கட்டியாயிற்று, ஏறுவது எப்படி? மலைச்சரிவில் உள்ள சில வீடுகளுக்குத் தெருவாசல் மேல் மாடியில் இருக்கிறது. மேலே ஓடும் சாலையிலிருந்து ஒரு சின்னப் பாலத்தைக் கடந்து நுழைந்து, அங்கிருந்து கீழே இறங்கித் தன் வீட்டுக்குப் போகவேண்டும். ஊருக்குள்ளேயே மலைமேல் ஏறும் கயிற்று ரயில்கள் உண்டு. பஸ் விடுகிற அதே நகரப் போக்குவரத்து ஸ்தாபனம் லிப்டுகளையும் நடத்துகிறது. காஸ்டெல்லெட்டோ மேட்டுக்கு ஏறும் லிப்டு 1909-ல் ஏற்பட்டது. கீழே சுரங்க வழியில் நடந்து போய்ப் பெட்டிக்குள் நின்றால், கதவு திறக்கும்போது ஊர் முழுவதும் காலடியில் கிடக்கிறது: சாம்பல் நிற ஸ்லேட்டுக் கூரைகள், மணிக்கூண்டுகள், அப்பால் கடல். இன்னொரு லிப்டு இருக்கிறது, அதன் வேடிக்கையைக் கேளுங்கள். அதன் பெட்டி முதலில் ரயில் மாதிரி மலைக்குள் 200 மீட்டருக்கு மேல் கிடைமட்டமாக ஓடுகிறது. பிறகு நின்று, ஒரு கணம் யோசித்து, நேர் செங்குத்தாக மேலே போகிறது. காய்கறிப் பையும் கையுமாகக் கிழவிகள் அதில் சர்வ சாதாரணமாக நின்று கொண்டிருப்பார்கள்.

இடமே கிடைக்காத அந்த ஊரில் பணக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1551-ல் மேட்டின் அடிவாரத்தில் நேராக ஒரு புதுத் தெரு போட்டுக் கொண்டார்கள். இன்று அதற்குக் கரிபால்டியின் பெயர். நீளம் சுமார் 250 மீட்டர். இரு புறமும் மாளிகைகள். ராஜாக்களுக்குக் கடன் கொடுத்த குடும்பங்கள் அவை. சரிவிலேயே முற்றம், அதற்கு மேல் படிக்கட்டு, அதற்கும் மேல் தோட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினார்கள். ஓவியர் ரூபென்ஸ் இந்த மாளிகைகளின் வரைபடங்களைச் சேர்த்து 1622-ல் ஒரு புத்தகமே போட்டார். அந்த நாளில் ஜெனோவா குடியரசு, அரசனுமில்லை, அரண்மனையுமில்லை. பிற தேசத்து மன்னரோ, கார்டினலோ, தூதரோ வந்தால் எங்கே தங்க வைப்பது? 1576-ல் செனட் ஒரு வழி கண்டது. நல்ல வீடுகளைத் தரவாரியாகப் பட்டியல் எடுத்து, விருந்தாளி வரும்போது சீட்டுக் குலுக்குவது. யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டில் ராஜ உபசாரம். சீட்டு விழுந்த வீட்டு அம்மாள் அன்றிரவு தூங்கியிருப்பாள் என்று நான் நம்பவில்லை. அந்தப் பட்டியலைச் சேர்ந்த மாளிகைகளில் 42-ஐ 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது.

ஆனால் ஊரின் வாசனை மாளிகைகளில் இல்லை, பலகாரக் கடைகளில்தான். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரும் எண்ணெயும் உப்பும் விட்டுக் கரைத்து, ஈயம் பூசிய பெரிய தாமிரத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். அதற்கு ஃபாரினாத்தா என்று பெயர். மேல்புறம் பொன்னிறமாகவும் உள்ளே வெண்ணெய் போலவும் இருக்கும். கடலை மாவை இத்தனை சுலபமாகக் கையாளலாம் என்று தெரிந்தால், நாளைக்கே நம் வீடுகளில் யாராவது முயற்சி செய்வார்கள். பெஸ்டோ என்ற பச்சைத் துவையலும் இவர்களுடையதே. திருநீற்றுப் பச்சிலையின் இளந்தளிர், பூண்டு, பைன் மரத்துப் பருப்பு, பாலாடைக் கட்டி, ஆலிவ் எண்ணெய். இவற்றை சலவைக்கல் உரலில் மரக் குழவியால் அரைக்க வேண்டும். மின்சார யந்திரத்தில் அரைத்ததைச் சம்பிரதாயக்காரர்கள் பெஸ்டோ என்றே ஒப்புக் கொள்ளமாட்டார்கள். இந்தப் பிடிவாதம் எந்த ஊருக்கும் பொதுதான்.

துறைமுகத்தின் அருகே 1260-ல் கட்டிய ஒரு மாளிகை உண்டு. கடலைப் பார்த்த அதன் சுவரிலும் தூண்கள், சிலைகள் எல்லாம் சாயத்தில்தான். கடற்சண்டையில் சிறைப்பட்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவை இங்கேதான் அடைத்து வைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. ஜெனோவாச் சிறையில் 1298-ல் அவர் சொல்லச் சொல்ல, பீசா நகரத்துக் கைதி ஒருவர் எழுதினார். பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும் காயல் துறைமுகமும் ஐரோப்பியர் வாசிக்கக் கிடைத்தது அந்தப் புத்தகத்தின் மூலந்தான். சற்றுத் தள்ளிக் கலங்கரை விளக்கம். 1543-ல் எழுப்பியது, உயரம் 77 மீட்டர். அதற்கு முன்னிருந்த கோபுரத்துக்குக் கொலம்பஸின் சிற்றப்பா ஒருவர் காவலராக இருந்தாராம். பிற்காலத்தில் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இத்தாலிய ஏழைகள் கடைசியாகக் கண்ட சொந்த ஊர் வெளிச்சம் இந்த விளக்குத்தான். இப்போது பயணம் திரும்பிவிட்டது. தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலிருந்து பெண்கள் ஜெனோவாவுக்கு வந்து, ஏழாவது மாடியில் தனித்திருக்கும் முதியவர்களுக்குக் கஞ்சி கொடுத்துக் காலுறை மாட்டி விடுகிறார்கள். தங்கள் குழந்தைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களில் உண்டு.

பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. மேற்கே போல்செவேரா ஆற்றுக்கு மேல் 1967-ல் திறந்த பெரிய சாலைப் பாலம் ஒன்று இருந்தது. இடமில்லாத ஊரல்லவா, பாலத்துக்கு நேர் கீழேயே ஆறு மாடி, ஏழு மாடிக் குடியிருப்புகள். 2018 ஆகஸ்டு 14-ம் தேதி, கொட்டும் மழையில், பகல் பதினொன்றரை மணிக்குப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து ஆற்றிலும் தண்டவாளத்திலும் விழுந்தது. 43 பேர் மாண்டார்கள். மீதி நின்ற பாலத்தின் அடியில் இருந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சுவரில் ஒரு கீறல் கூட இல்லாத வீடுகள். அடுப்பில் பாத்திரம் வைத்தது வைத்தபடி இருக்க, நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். பிறகு குடும்பத்துக்குச் சில மணி நேரம் அவகாசம் கொடுத்து, பெட்டிகளும் கொடுத்து, வேண்டியதை எடுத்துக் கொள்ளச் சொன்னார்கள். ஆயுள் முழுவதும் சேர்த்த வீட்டில் எதை எடுப்பது, எதை விடுவது? ஒரு நிமிஷம் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து நின்று பாருங்கள். 2019-ல் பாலத்தின் மிச்சத்தோடு அந்த வீடுகளும் தரைமட்டமாயின. அந்த ஊரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வரைந்து கொடுத்த புதுப் பாலம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

இருக்கும்போதே இடம் கிடைக்காத ஊரில், இறந்த பிறகு இடம் வாங்குவது இன்னும் பெரிய காரியம். ஊருக்கு வெளியே ஸ்டாலியெனோ என்ற இடுகாடு 1851-ல் திறக்கப்பட்டது. நீண்ட தாழ்வாரங்களில் வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் சலவைக்கல்லில் நிற்கிறார்கள். கோட்டுப் பொத்தான், கைக்குட்டையின் சரிகை வரை கல்லில் தெரியும். எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் 1898-ல் இந்த ஊரில் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டார். கணவர் சிறை சென்ற அவமானத்தால், கல்லறையில் தகப்பனார் பெயரை மட்டும் எழுதினார்கள். ஒயில்டின் மனைவி என்ற வார்த்தைகளைச் சேர்த்தது 1963-ல்தான்.

தாழ்வாரத்துக் கனவான்களுக்கு நடுவே ஒரு கிழவி நிற்கிறாள். பெயர் கத்தரீனா காம்போதோனிக்கோ. திருவிழாவுக்குத் திருவிழா, கோயிலுக்குக் கோயில் நடந்து, ஹேஸல் கொட்டைகளை நூலில் கோத்த மாலைகளும் வளைய ரொட்டிகளும் விற்றவள். குடிகாரக் கணவனைப் பணம் கொடுத்து விலக்கியவள். தெருவில் விற்கிறாள் என்று உறவினர் இளப்பமாகப் பேசினார்கள். அவள் நோயில் படுத்ததும் அவளுடைய காசுக்காகச் சண்டை பிடித்தார்கள். அவளோ எழுந்து உட்கார்ந்து விட்டாள்! எழுந்தவள் நேரே போனது, பெரிய மனிதர்களுக்குச் சிலை செய்து கொண்டிருந்த லொரென்சோ ஓரெங்கோ என்ற சிற்பியிடம். சேர்த்ததையெல்லாம் அவர் முன் வைத்தாள். பட்டுப் பூவேலைப் பாவாடை, குஞ்சம் தொங்கும் சால்வை, சரிகைக் கைவிளிம்பு எல்லாவற்றையும் செதுக்கச் சொன்னாள். கைகளில் கொட்டை மாலையும் வளைய ரொட்டியும் இருக்கவேண்டும் என்பதிலும் கண்டிப்பாக இருந்தாள். ஜெனோவாப் பேச்சிலேயே ஒரு கவிஞரிடம் பாட்டு வாங்கி அடியில் பொறித்துக் கொண்டாள்.

சிலை முடிந்தது 1881-ல். அவள் இறந்தது 1882-ல். தாழ்வாரத்துக்குப் போய், தன் பாவாடையின் மடிப்புச் சரியாக விழுந்திருக்கிறதா என்று தானே நின்று பார்த்துக் கொள்ள அவளுக்குக் காலம் இருந்தது.