அம்மாவின் கை எங்கே?

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளன்று தம்பி மகள் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்து நின்றாள். "அத்தை, கண்ணை மூடிக்குங்க. நான் சொன்னப்புறம்தான் திறக்கணும்" என்றாள்.

திறந்தேன். 1984-ல் எடுத்த எங்கள் கல்யாணப் போட்டோ, புதுச் சட்டம் போட்டுப் பளபளவென்று இருந்தது. மாலையும் கழுத்துமாக நாங்கள் இருவரும். என் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி... என் அம்மா!

எனக்கு எட்டு வயதிலேயே போய்விட்டவள், என் கல்யாணத்துக்கு எப்படி வந்தாள்?

இப்போது பல ஊர் ஸ்டுடியோக்களில் இது நடக்கிறது, சகோதரிகளே. இறந்தவரின் பழைய படத்திலிருந்து முகத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் வேறு உடம்போடு சேர்த்து, நம் வீட்டு விசேஷத்தில் நிற்க வைத்துவிடுகிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன்! அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. மனசில் ஏதோ இடித்தது.

அம்மாவுக்கென்று எங்களிடம் இருப்பது ஒரே ஒரு படம். 1969-ல் சித்தி கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. பின் வரிசையில் கோடியில் நிற்கிறாள். சிரிக்கவில்லை. இடுப்பில் ஒரு குழந்தை. முன்னால் நிற்கும் என் தலைமேல் அவளுடைய வலது கை. ஸ்டுடியோவில் அந்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, யாருடைய உடம்பையோ, யாருடைய சிரிப்பையோ சேர்த்திருந்தார்கள். கையை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் தம்பி வந்தான். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். "அம்மா இப்படித்தான் சிரிப்பாங்களாக்கா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு அம்மா முகமே நினைவில்லை. இந்தச் சிரிப்புதான் அம்மா என்று அவன் மனசில் பதிந்துவிட்டால்?

அப்போதுதான் ஓவியர் விவான் சுந்தரம் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் இப்படிப் படங்களை ஒட்டுச் சேர்த்தவர்தான். புகழ்பெற்ற ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லைத் தெரியுமல்லவா? 1941-ல், 28 வயதிலேயே லாகூரில் காலமானார். அவருடைய தங்கை இந்திராவின் மகன் விவான். அப்பா கல்யாண் சுந்தரம் தென்னாட்டுக்காரர். நாட்டின் தலைமைத் தேர்தல் கமிஷனராக இருந்தவர். விவான் பிறந்தது 1943-ல். ஆக, பெரியம்மாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. என் தம்பி மாதிரிதான்!

ஆனால் தாத்தா உம்ராவ் சிங்குக்குப் போட்டோ எடுப்பதில் அலாதிப் பிரியம். புடாபெஸ்ட், பாரிஸ், சிம்லா என்று எங்கே குடியிருந்தாலும் மனைவியையும் இரண்டு பெண்களையும் எடுத்துத் தள்ளினார். தன்னையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் படங்களை வைத்துத்தான் 2001-ல் 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா' என்ற வரிசையைப் பேரன் ஆரம்பித்தார். வெவ்வேறு வருஷத்தில், வெவ்வேறு ஊரில் எடுத்த ஆட்களைக் கம்ப்யூட்டரில் ஒரே அறைக்குள் கொண்டுவந்தார். சில படங்களில் அம்ரிதா வரைந்த ஓவியங்களும் கூட வந்து நிற்கும்.

இதுவும் ஒட்டுவேலைதானே, என்ன வித்தியாசம் என்கிறீர்களா? அவர் அதை நிஜம் என்று நம்பச் சொல்லவில்லை. 'மறுபடி எடுத்தது' என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். பார்ப்பவருக்கும் 'இது எப்படி நடந்திருக்கும்?' என்ற கேள்வி வரும். பழைய படங்களையும் அவர் தூக்கி எறியவில்லை. பெரியம்மாவின் கடிதங்களைக்கூடத் திரட்டி 2010-ல் புத்தகமாகப் போட்டார். 2023-ல் அவரும் மறைந்துவிட்டார்.

இன்னொரு சேதி கேளுங்கள். தாமஸ் சோவன் என்ற பிரெஞ்சுக்காரர், 2009 முதல் பீஜிங்கில் பழைய நெகடிவ்களை எடைக்கு வாங்கிச் சேர்த்தார். அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த ஒரு கழிவு வியாபாரியிடம் கிடைத்தவை அவை. ஐந்து லட்சத்துக்கும் மேல்! அதில் எத்தனை பெண்கள் தெரியுமா, புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் பக்கத்திலும் டி.வி. பக்கத்திலும் பெருமையாக நிற்கிறார்கள்! பார்த்தால் நம் வீட்டுப் பெண்கள் மாதிரியே இருக்கிறது. ஆனால் யார் எவர் என்று பெயர் இல்லை. குப்பைக்குப் போன படத்துக்குப் பெயர் ஏது?

தம்பியை உட்கார வைத்து, பீரோவிலிருந்து அந்தக் குரூப் போட்டோவை எடுத்துக் காட்டினேன். "அம்மா சிரிச்சா முந்தானையால வாயை மூடிக்குவாங்கடா. சத்தம் மட்டும்தான் வெளியே வரும். இதோ பார், என் தலைமேல கை. இடுப்புல இருக்கறது நீ."

"இது நானா? சித்தப்பா பையன்னுல்ல நினைச்சிக்கிட்டிருந்தேன்!" என்றான். அப்புறம் பேசவில்லை. அந்த இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி மகள் கொடுத்த படத்தையும் நான் கழற்றவில்லை. குழந்தை ஆசையாகக் கொடுத்தது. பின்பக்கம் மட்டும், 'இது ஒட்டுச் சேர்த்த படம். அம்மா 1970-ல் காலமானாள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே குரூப் போட்டோவின் பிரதியையும் மாட்டியாகிவிட்டது.

நீங்களும் இந்த வாரம் பரணில் இருக்கும் பெட்டியை இறக்குங்களேன். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று படத்தின் பின்னால் ஓரமாக எழுதுங்கள். மிருதுவான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழச் செய்யும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பழுத்துக் கறையாகிவிடும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடேயே பிரதி எடுக்கலாம். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், ஈரம் ஏறும். ஸ்டுடியோவுக்குப் பிரதியைக் கொடுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

முகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.