குடியிருப்பவரிடமும் பேசுங்கள்

"வாடகைக்கு ஆள் இருக்கிறார், வாங்கிய மாதத்திலிருந்தே வருமானம்" என்று விற்பவர் கூறியதை நம்பி, வீட்டுக்கடன் கேட்டு எங்கள் கிளைக்கு வருவோர் பலர். மூலப் பத்திரங்களும் வில்லங்கச் சான்றும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அந்த வீட்டில் குடியிருப்பவரிடம் பேசினீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது.

வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பல நகரங்களில் வழக்கிலுள்ள 11 மாத வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதிவு செய்யப்படுவதில்லை. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமோ, ஒருவர் அங்கே குடியிருக்கிறார் என்றால் அவருக்குள்ள உரிமையை வாங்குபவர் அறிந்திருந்ததாகவே கொள்கிறது. அவருக்கே வீட்டை விற்பதாக உரிமையாளர் முன்னரே எழுதிக் கொடுத்திருந்தால், 'எனக்குத் தெரியாது' என்னும் வாதம் எளிதில் எடுபடாது.

அடுத்தது முன்பணம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் பழக்கம் நெடுநாளாக உண்டு. மாத வாடகை 25,000 ரூபாய் என்றால் முன்பணம் 2,50,000 ரூபாய். அத்தொகை இருப்பது பழைய உரிமையாளரிடம். காலி செய்யும்போது குடியிருப்பவர் கேட்கப்போவது புதியவரிடம். ஆகவே அதை விலையில் கழித்துக்கொண்டு, கிரயப் பத்திரத்திலேயே குறிப்பிடுவதுதான் முறை. எங்களிடம் கடன் பெற்ற ஒருவர், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லை நம்பினார். இறுதியில் தம் கைப்பணத்தைக் கொடுக்க நேர்ந்தது. பதிவு முடிந்த செய்தியையும் அவர் குடியிருப்பவருக்கு எழுத்தில் தெரிவிக்கவில்லை. விற்பனையை அறியாத அந்த மனிதர், மூன்று மாத வாடகையைப் பழைய உரிமையாளருக்கே செலுத்திவிட்டார். அவ்வாறு செலுத்தியவரிடம் அதே வாடகையை மீண்டும் கேட்க, மேற்சொன்ன சட்டத்தின் 109-ஆம் பிரிவு இடமளிப்பதில்லை. கடன் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்து நின்றது.

இதற்காக, வீட்டைக் காலி செய்து தந்தால்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் கொள்ள வேண்டியதில்லை. ஒழுங்காக வாடகை தருபவர் அமைவது அரிது; அவரை அனுப்பிவிட்டு ஆளில்லாத வீட்டுக்குத் தவணை கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விற்பனையால் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடுவதுமில்லை. பழைய உரிமையாளரின் இடத்துக்கு நீங்கள் வருகிறீர்கள், அவ்வளவே. ஒப்பந்தத்தின் நகல், வாடகை வரவைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம், முன்பணத் தொகையைக் குறிப்பிட்டுக் குடியிருப்பவர் கையொப்பமிட்ட கடிதம் ஆகியவற்றை அச்சாரம் கொடுக்குமுன் பெறுங்கள். விற்பவர் சொல்லும் தொகையும் அவர் சொல்லும் தொகையும் வேறுபடுவதுண்டு. சந்திப்பை விற்பவர் தள்ளிப்போட்டால், நீங்கள் அச்சாரத்தைத் தள்ளிப்போடலாம். அதனால் கடன் சில வாரம் தாமதமானாலும் எங்களுக்கு வருத்தமில்லை.