களைக்கு ஏது நோக்கம்?

தீபாவளி லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த நண்பர் வரப்பில் நின்றுகொண்டு சொன்னார்: "இயற்கை எதையுமே ஒரு நோக்கத்தோடதான் செய்யும். பரிணாமம்னா முன்னேற்றம் சார்." வாட்ஸப்பிலும் இதையேதான் அனுப்புகிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

அப்போது வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெற்பயிருக்கு நடுவே குதிரைவாலிப் புல் நிற்கும். பச்சை நிறம், நிமிர்ந்த தாள், அச்சு அசல் நெல்லு மாதிரியே. நெல்லின் இலை தாளோடு சேரும் இடத்தில் சின்ன நாக்கு மாதிரி ஒரு சவ்வு இருக்கும். புல்லுக்கு அது கிடையாது. அனுபவப்பட்ட அக்காமார் அதைப் பார்த்துதான் பிடுங்குவாங்க.

இந்தப் புல் நெல் வேஷம் போட்டது எப்படி? வித்தியாசமாத் தெரிஞ்சதை எல்லாம் மனுஷன் பிடுங்கிட்டான். நெல்லு மாதிரி இருந்தது தப்பிச்சு விதையைக் கொட்டிச்சு. தலைமுறை தலைமுறையா இதே கதைதான். சீனாவில் யாங்சி ஆற்றுப் பக்கத்து வயல்களின் புல்லை மரபணு வரைக்கும் ஆராய்ந்து, இந்த வேஷம் சுமார் 1000 வருஷத்துக்கு முன்னால் உருவானது என்று 2019-ல் எழுதினார்கள்.

இதில் யாருக்கு நோக்கம்? புல்லுக்கு மூளையே இல்லை. நோக்கம் இருந்தது களை எடுத்தவனுக்கு மட்டும்தான். அவன் நினைச்சது களையை ஒழிக்க. நடந்தது அதுக்கு நேர் எதிர்!

"வேஷம் புல்லுக்குப் பயன்படுதே?" என்பீர்கள். பயன் வேறு, நோக்கம் வேறு. பயன்பட்டதால் மிஞ்சியது. மிஞ்சணும்னு யாரும் திட்டம் போடலை.

முன்னேற்றம் என்கிறீர்களே, என் ஆட்டின் குடலில் இருக்கும் நாடாப்புழுவைப் பாருங்கள். அதன் முன்னோருக்கு வாயும் குடலும் இருந்தது. இதற்கு இரண்டுமே இல்லை. ஆடு செரித்து வைத்ததைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்குது. இருந்ததைத் தொலைத்துவிட்டு நல்லாத்தான் பிழைக்குது. இது எந்தத் திசை?

இது வெட்டிப் பேச்சு இல்லை. 'இயற்கை பார்த்துக்கும்' என்று நானும் இருந்தவன்தான். வருஷா வருஷம் ஒரே களைக்கொல்லியை அடிச்சேன். செத்தது செத்துச்சு, சாகாதது விதை விட்டுச்சு. இப்ப என் வயலில் நிக்கிறதெல்லாம் அந்தச் சாகாததோட பிள்ளைங்க. இயற்கை என்னைத் தண்டிக்கவும் இல்லை, பாடம் நடத்தவும் இல்லை. பொறுக்கி எடுத்தது என் கை.

அதனால் இப்போது மருந்தை மாத்துறேன், கையாலும் எடுக்கச் சொல்றேன், நெல்லுக்குப் பின்னால் உளுந்து போடுறேன். நோக்கம் எனக்குத்தான் இருக்கணும், புல்லுக்கு இல்லை.

நண்பரே, அடுத்த தடவை வரப்பில் நிற்காமல் சேற்றில் இறங்குங்கள். நெல்லு எது, புல்லு எது என்று பிரிச்சுக் காட்டிட்டு அப்புறம் நோக்கம் பேசலாம்.