மறைத்து வைக்க ஒரு குட்டித் துப்பாக்கி: நம்ம ஊரில் வாங்க முடியுமா, வாங்கினால் பயன்படுமா?

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை காலை. திருவனந்தபுரம் வஞ்சியூரில் ஒரு வீட்டுக்கு, முகத்தை மூடிய பெண் ஒருவர் கூரியர் பார்சலோடு வந்தார். வீட்டிலிருந்த பெண் வெளியே வந்ததும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். கையில் காயம். விசாரணையில் மருத்துவர் ஒருவர் கைதானார். பயன்படுத்தப்பட்டது ஏர் பிஸ்டல்.

இதைப் படிக்கும்போது, "நம்மகிட்டயும் ஒண்ணு இருந்தா பாதுகாப்புதானே?" என்று உங்களுக்குத் தோன்றலாம். சட்டம் என்ன சொல்கிறது, பார்க்கலாம்.

ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாமா?

2016 ஆயுத விதிகளின்படி, குழாயின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்குள்ளும், வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் தேவையில்லை. பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் இருக்கும் சலுகை இது. ஆனால் அதை வைத்து மனிதரைச் சுட்டால் அது குற்றம்தான். 'உரிமம் வேண்டாத துப்பாக்கி' என்றால் 'ஆபத்தில்லாத துப்பாக்கி' என்று அர்த்தமில்லை.

நிஜத் துப்பாக்கி வாங்கணும்னா?

1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் எடுக்க வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுக வேண்டும். போலீஸ் உங்கள் பின்னணியை விசாரிக்கும். உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான பாதுகாப்புத் தேவை இருப்பதை நீங்கள் காட்ட வேண்டும். 'சும்மா ஒரு தைரியத்துக்கு' என்ற காரணம் எடுபடாது. வீட்டில் பூட்டி வைக்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்பதும் கேட்கப்படும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம், முன்பு 3. உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தபட்சம் 2 ஆண்டு சிறை.

எந்தத் துப்பாக்கி கிடைக்கும்?

அமெரிக்கப் படங்களில் பார்க்கும் 9 மி.மீ. பிஸ்டல் இங்கே தடை செய்யப்பட்ட வகை. சாதாரண குடிமக்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32, .22 அளவுகள்தான். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்காக என்று 'நிர்பீக்' ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. .32 அளவு, 6 தோட்டா, எடை சுமார் 500 கிராம், அப்போதைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 2012 டெல்லி கொடூரத்தை நினைவூட்டும் பெயர். ஆனால் பேருந்தில் வேலைக்குப் போகும் எத்தனை பெண்களால் அந்த விலை கொடுக்க முடியும்?

சிறியதாக இருந்தால் மறைப்பது சுலபம். ஆனால் எடை குறையக் குறைய சுடும்போது கை உதறும்; குழாய் குட்டையானால் குறி வைப்பதும் கடினம். தொடர்ந்து பயிற்சி இல்லாதவர் கையில் குட்டித் துப்பாக்கிதான் அதிகம் தவறும்.

மறைத்து எடுத்துச் செல்லலாமா?

இங்கேதான் ஒரு சுவாரசியம். அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்வது பெரிய உரிமைப் போராட்டம். வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்துவது அரசியலமைப்பு உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2016 விதிகளே, உரிமம் பெற்றவர் பொது இடத்தில் துப்பாக்கியை உறையில், முழுவதும் மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்கின்றன. அதாவது, இங்கே மறைப்பது ஒரு கடமை. வெளியே எடுத்துக் காட்டி மிரட்டினால் வழக்கு.

இன்னொன்று: உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் வாங்கிய உரிமத்தோடு களியக்காவிளையைத் தாண்டி நாகர்கோவில் கல்யாணத்துக்குப் போனால், சோதனைச் சாவடியில் நீங்கள்தான் குற்றவாளி.

சுட்டுவிட்டால்?

தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. அந்த ஒரு நொடியில் எடுத்த முடிவை, பின்னால் நீதிமன்றத்தில் நிதானமாக அலசுவார்கள்.

அப்போ என்னதான் செய்வது?

மறுபடி வஞ்சியூர் வாசலுக்கே வருவோம். அந்த வீட்டின் அலமாரியில் உரிமத்தோடு ஒரு ரிவால்வர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பார்சல் வாங்க வரும் யாரும் துப்பாக்கியோடு வாசலுக்கு வருவதில்லை. பூட்டி வைத்தால் அவசரத்துக்கு எட்டாது. எட்டும் இடத்தில் வைத்தால் வீட்டுக் குழந்தைக்கும் எட்டும். இந்த முடிச்சை எந்த மாடல் துப்பாக்கியாலும் அவிழ்க்க முடியாது.

உங்களுக்கு யாராவது நிஜமாகவே மிரட்டல் விடுத்தால், முதலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பின்னாளில் உரிமம் கேட்டாலும் அதுதான் உங்கள் பக்கம் பேசும் ஆதாரம். அவசரத்துக்கு 112, கேரளத்தில் பெண்களுக்கான பிங்க் போலீஸ் எண் 1515. கதவில் ஒரு சங்கிலியும், திறப்பதற்கு முன் "யாரு?" என்ற கேள்வியும் இருக்கட்டும். அதற்கு உரிமமும் வேண்டாம், லட்ச ரூபாயும் வேண்டாம்.