ஆறு குடித்தனம், நான்கு ஃபிளாட்

சென்னை மேற்கு மாம்பலத்தில் நான் பதினோரு வருஷம் குடியிருந்த வீட்டை இடிக்கும்போது போய்ப் பார்த்தேன். துக்கம் விசாரிக்கப் போகவில்லை; பக்கத்துத் தெருவில் ஒரு வேலை இருந்தது. கதவுகளைத்தான் முதலில் கழற்றினார்கள். பர்மா தேக்கு. நிலை, ஜன்னல், உத்தரம் எல்லாவற்றுக்கும் விலை பேசி, இடிக்க வந்த காண்ட்ராக்டர்தான் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பழைய செங்கல்லுக்கும் விலை உண்டாம். கம்பி, பித்தளைக் குழாய், கிணற்று ராட்டினம்வரை எல்லாம் கணக்கில் இருந்தன. அந்த வீட்டில் இருந்த ஆறு குடித்தனம் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

பச்சை வலை கட்டிய வாசலில் பலகை ஏறியிருந்தது. மூன்று படுக்கையறை வீடுகள், 'நான்கு மட்டுமே'. அந்த 'மட்டுமே'யைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

டீக்கடையிலிருந்து சட்டமன்றம்வரை நம்மிடம் ஒரு நம்பிக்கை புழங்குகிறது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினால் ஊரில் வீடு பெருகும். வீடு பெருகினால் வாடகை இறங்கும். ஆகவே மாநகராட்சியும் சிஎம்டிஏ என்னும் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் எவ்வளவு சீக்கிரம் பிளானுக்கு முத்திரை குத்துகின்றனவோ அவ்வளவுக்கு ஊருக்கு நல்லது. நானும் பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். சொல்லும்போது நான் எண்ணியது கதவுகளை. கதவுக்குப் பின்னால் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தது அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான்.

எண்ணிக்கை இது. மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. பழைய வீட்டின் மொத்தக் கட்டடம் எல்லாம் சேர்த்து 2,500 சதுர அடியைத் தாண்டாது. கீழே முன்பக்கம் வீட்டுக்காரர். பின்கட்டில், நாலு வீட்டில் சமையல் வேலை செய்யும் ஒரு மாமியும் அவர் மகனும். பக்கவாட்டுச் சந்துப் போர்ஷனில் பால்வாடி ஆயா ஒருவர், பேத்தியோடு. மாடியில் ஒரு பாதி எனக்கு, மறுபாதி கூரியர் கம்பெனியில் வேலை பார்த்த மூன்று பையன்களுக்கு. மொட்டைமாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் தையற்காரர், மனைவி, இரண்டு குழந்தைகள். வாடகை மூவாயிரத்தைந்நூறிலிருந்து எட்டாயிரம்வரை. தண்ணீர் வராத நாளில் எல்லாருக்கும் ஒரே கைபம்பு.

புதுக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2. அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு, 4,800 சதுர அடி கட்டலாம். 1,200 சதுர அடியில் நான்கு ஃபிளாட். ஜாயின்ட் வென்ச்சர், ஐம்பதுக்கு ஐம்பது. இரண்டு வீட்டுக்காரருக்கு, இரண்டு புரமோட்டருக்கு. வீட்டுக்காரரின் இரண்டில் ஒன்று டெக்சாஸில் இருக்கும் மகளுக்கு, பூட்டியிருக்கிறது. புரமோட்டர் விற்ற இரண்டில் ஒன்றை முதலீட்டுக்காக வாங்கியவர் இன்னும் வாடகைக்கு விடவில்லை. கட்டடம் ஏறக்குறைய இரு மடங்கு ஆயிற்று, குடும்பம் ஆறிலிருந்து இரண்டுக்கு வந்தது.

ஒரு வீட்டை வைத்து ஊரையே அளக்கிறாயா என்று கேட்கலாம். நியாயம். ஊரை அளந்த கணக்கு எங்கே என்று நான் திருப்பிக் கேட்கிறேன். கட்டட அனுமதிக்கு மனுப் போட்டவர்களுக்குத் தெரியும், என்னென்ன கேட்கிறார்கள் என்று. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சாலை அகலம், நாலு பக்கமும் விட்ட செட்பேக், கார் நிறுத்த இடம், மழைநீர் சேகரிப்பு. எல்லாம் வேண்டியவைதான். இப்போது இந்த இடத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறது, என்ன வாடகை கொடுக்கிறது, எங்கே போகப்போகிறது என்று கேட்கும் கட்டம் மட்டும் மனுவில் இல்லை. ஃபைலைப் பொறுத்தவரை நாங்கள் ஆறு குடித்தனமும் அங்கே இருந்ததே இல்லை. கூட்டுவதற்கு மட்டும் பத்தி வைத்து, கழிப்பதற்குப் பத்தி வைக்காத பேரேட்டில் லாபத்தைத் தவிர வேறு என்ன தெரியும்?

2024 ஜூலையிலிருந்து அனுமதி இன்னும் வேகமாயிற்று. 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் ஆன்லைனிலேயே அனுமதி. சொந்தக்காசில் ஒரு மாடி கட்ட நினைக்கும் நடுத்தரக் குடும்பத்தை மேஜை மேஜையாக அலையவிடாத நல்ல காரியம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. சுயசான்று கேட்பவர்கள் அதிலேயே இன்னும் ஒரு வரி சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

'வீடு அவருடையது, இடிப்பது அவர் இஷ்டம், குடித்தனக்காரனுக்கு என்ன வந்தது?' என்பது அடுத்த வாதம். மனை அவருடையதுதான். ஆனால் அந்த மனைமேல் எவ்வளவு கட்டலாம் என்ற உரிமை அவர் தாத்தா எழுதி வைத்த சொத்தில்லை. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த எஃப்எஸ்ஐயை 2 ஆக்கி 2019 கட்டட விதிகளில் எழுதியது அரசு. சாலை அகலமாக இருந்தால் பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று காசு கட்டி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு அரசாணையில் ஒரே மனைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கட்டடம் முளைக்கிறது. அதற்கு வேண்டிய தண்ணீரும் சாக்கடையும் ரோடும் ஊர்ப் பணத்தில் வருகின்றன. ஊர் கொடுத்த கூடுதலுக்கு ஈடாக ஊர் ஒரு கேள்வி கேட்டால் அது எப்படி அத்துமீறலாகும்? எஃப்எஸ்ஐ கூடினால் வீட்டு விலை குறையும் என்றும் ஒரு ஜோசியம் சொன்னார்கள். கூடிய மறுநாளே நில விலையில் அது ஏறி உட்கார்ந்துகொண்டதை மாம்பலத்துத் தரகர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

படித்தவர்கள் சொல்லும் வாதம் வேறு. வசதியுள்ளவர் புது ஃபிளாட்டுக்குப் போவார், அவர் விட்டுப்போன வீட்டுக்கு அடுத்த படியில் இருப்பவர் வருவார், இப்படியே படிப்படியாகக் கீழே ஒரு வீடு காலியாகும் என்பார்கள். வெறும் பொட்டலில் கட்டினால் இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அடிப்படியில் இருந்த வீட்டையே இடித்துத்தான் மேல்படியைக் கட்டுகிறோம். பிறகு படியிறங்கி வர என்ன மிச்சம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறக்குறைய 1.1 கோடி. அடுத்த ஆண்டே மத்திய அரசின் நிபுணர் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்றது. அந்தப் பற்றாக்குறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் குறைந்த வருமானக்காரர்களுடையது. பூட்டிய வீடும் வீடில்லாதவரும் ஒரே ஊரில் இருக்கும்போது, நான்கு மட்டுமே கட்டுவது யாருடைய பஞ்சத்தைத் தீர்க்க?

பழைய கட்டடம் என்றாலே ஆபத்து என்ற பயமும் இடிப்பதற்கு ஒத்தாசை செய்கிறது. தேக்கு உத்தரத்தின்மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் நூறு வருஷம் தாண்டியும் மயிலாப்பூரில் நிற்கின்றன. திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் இடிந்து விழுந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு 1993-இல் கட்டியது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. மௌலிவாக்கத்தில் 2014-இல் 61 பேரைக் கொன்ற பதினொரு மாடிக்கு வயதே ஆகவில்லை, கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்தைக் காப்பாற்றுவது பராமரிப்பும் யோக்கியமான கான்கிரீட்டும். எங்கள் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருந்தது. பிடுங்கச் சொல்லி மூன்று வருஷம் கேட்டோம். 'இடிக்கப்போற வீட்டுக்கு என்னத்துக்கு சார் செலவு' என்பதுதான் பதில். செடி மரமான பிறகு, பாருங்கள் எவ்வளவு ஆபத்து என்று அதையே காட்டினார்கள்.

முற்றம், ஊஞ்சல், மல்லிகைப் பந்தல் என்று கண்ணீர் விடும் கட்சி அல்ல நான். ஆறு குடித்தனத்துக்குக் கொல்லையில் இரண்டே கக்கூஸ். காலை ஆறரைக்குக் கையில் வாளியோடு நின்றவனுக்குப் பழைய வீட்டின்மேல் கவிதை வராது. வீட்டுக்காரரும் வில்லன் இல்லை. நாலு பேர் பங்கு கேட்கும் சொத்து, ஏறாத வாடகை, ஏறும் வயசு. அவர் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்: 'சார், பாகப்பிரிவினை முடிஞ்சுடுத்து. தங்கைகளும் சைன் பண்ணியாச்சு. ஆறு மாசம் டைம் தரேன், அட்வான்ஸை முழுசாத் திருப்பிடறேன்.' தந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் அவர் மனசாட்சியை நம்பி விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை இது என்கிறேன்.

சட்டமும் நடுவில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. 1960 வாடகைச் சட்டத்தில், இடித்துக் கட்ட வீடு வேண்டும் என்றால் வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. சொன்னபடி இடிக்காவிட்டால் குடித்தனக்காரர் திரும்ப வந்து உட்காரக் கேட்க முடிந்தது. அந்தச் சட்டம் வாடகையை உறையவைத்து வீட்டுக்காரர்களைப் படுத்தியது என்பதும் உண்மை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் எழுத்துமூல ஒப்பந்தம், பதிவு என்று ஆரம்பிக்கிறது. போர்ஷன் வீட்டில் ஒப்பந்தம் என்பது அட்வான்ஸ் வாங்கியதற்கு நோட்டுப் புத்தகத்தில் போட்ட கையெழுத்து. இனி அடுத்த அலை எண்பதுகளின் ஃபிளாட்டுகள். 2024 மார்ச்சில் அமலான அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். ஒருவர் முரண்டு பிடித்து மற்றவர்களைத் தொங்கவிட முடியாது என்பது நல்லதுதான். உள்ளே வாடகைக்கு இருப்பவருக்கு அந்த ஓட்டில் பங்கு இல்லை.

எண்ணுவது முடியாத காரியமா? அரசு தன் கட்டடத்தை இடிக்கும்போது எண்ணத்தான் செய்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பழைய குடியிருப்பை மறுகட்டுமானம் செய்கையில் ஒதுக்கீட்டு ஆணை, ரேஷன் கார்டு எல்லாம் பார்த்துப் பட்டியல் போடுகிறது; அதே இடத்தில் வீடு தருவதாகச் சொல்கிறது. இடையில் வெளியே தங்க ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய். கட்டி முடிக்க இரண்டு வருஷம் என்றால் மாதம் ஆயிரம் ஆகிறது. ஆயிரத்துக்கு இந்த ஊரில் பைக் நிறுத்த இடம் கிடைக்கும். ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களை ஊர் எல்லையில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றிவிட்ட கதை வேறு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சொல்ல வருவது, எண்ணும் கை அரசிடம் இருக்கிறது. தனியார் மனையில் அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்கிறது.

இடிக்காதே என்று நான் கேட்கவில்லை. அனுமதி மனுவில் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கட்டும். இருக்கும் குடும்பங்கள், வாடகை, வருஷம். இருந்ததைவிடக் குறைவான வீடு கட்டுபவருக்குப் பிரீமியம் எஃப்எஸ்ஐ கிடையாது என்று ஒரு விதி. கூடுதல் எஃப்எஸ்ஐ வேண்டுமா, அதில் ஒரு பகுதி நானூறு சதுர அடி வீடாக வரட்டும். வெளியேறுகிறவருக்கு மாற்று வாடகையும் சாமான் ஏற்றும் செலவும் திட்டச் செலவிலேயே அடங்கட்டும். ஒன்றரைக் கோடிக்கு விற்கும் ஃபிளாட்டின் விலையில் அது தெரியவே தெரியாது.

பின்கட்டு மாமி இப்போது மாங்காட்டில் இருக்கிறார். மாம்பலத்தில் அந்த வாடகைக்குக் குளியலறைகூடக் கிடைக்காது. சமையல் வேலை மட்டும் இன்னும் மாம்பலத்திலேயே. 'பஸ்ஸு ஓசிதான்டா கண்ணா, ஆனா நாலரைக்கு எழுந்தாத்தான் ஏழரைக்கு அங்க காபி போட முடியும்' என்றார். முன்பு செருப்புப் போடாமல் நடந்துபோய் அடுப்புப் பற்றவைத்துவிட்டு வருவார். மகன் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் பள்ளி மாறினான். தையற்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. தைக்கக் கொடுத்திருந்த என் சட்டை ஒன்று அவரிடம் இருக்கிறது.

போன மாசம் ராத்திரி அந்தத் தெரு வழியாக வந்தேன். நான்கு ஃபிளாட்டில் இரண்டில் விளக்கு. கீழே, கார்களுக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் மூன்றாவது விளக்கு ஒன்று எரிந்தது. நேபாளத்திலிருந்து வந்த வாட்ச்மேன், மனைவி, கைக்குழந்தை. படியின் சரிவுக்குக் கீழே ஸ்டவ், அதற்கு மேலே கொடி கட்டித் துணி. கட்டடத்துக்கு வருபவர்களுக்குத் தண்ணீர் லாரி நம்பர் கொடுப்பதும் அவர்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன். கதவில் ஒட்டியிருந்த தகட்டில், பிளானில் இருக்கிற அதே பெயர்: மின்சார அறை.